மாடியில் ஒரு சிவப்புக் குடம்

அன்று பள்ளிக்கூடத்தில் இருந்தவர்கள்: நான், ஒன்றாம் வகுப்புப் படிக்கும் என் தம்பி சபரி, பள்ளியைப் பெருக்கும் மாரியாயி அக்கா, மழைக்கு ஒதுங்கிய மூன்று ஆடுகள்.

இல்லாதவர்கள்: மற்ற எல்லோரும்.

“மறுக்காவும் வந்துட்டீங்களா சாமி?” என்றார் மாரியாயி அக்கா. “இன்னைக்கும் மழை லீவு. காத்தால ஆறு மணிக்கே எல்லாரு போன்லயும் வந்துருச்சே!”

எல்லார் போனிலும் வந்திருக்கும். எங்கள் வீட்டில்தான் போன் இல்லை. கரண்ட் இல்லை, டிவி இல்லை, பிஸ்கட் பாக்கெட்டும் இல்லை.

என் அப்பா குணசீலன் பன்னிரண்டு வருடம் போர்வெல் ரிக் லாரியில் ஊர் ஊராகப் போனவர். அந்தச் சத்தத்தில் பாதிக் காது போய்விட்டது. மீதிக் காதையாவது காப்பாற்ற வேண்டும் என்று, எடப்பாடிப் பக்கம் கடைசிக் கரண்டுக் கம்பத்தையும் தாண்டி எங்கள் விவசாயக் காட்டுக்குள் வீடு கட்டினார். விளைவதைச் சாப்பிடுகிறோம். சூரியனைப் பார்த்து எழுகிறோம். மழைக்காலத்தில் சூரியன் வராது, அதனால் சேவலை நம்புகிறோம். லீவு விட்டது சேவலுக்கும் தெரியாது.

“இனியாக்கா, நான் நனைஞ்சுட்டேன்” என்றான் சபரி. தலையில் சாக்கை மடித்துக் கொங்காடை போட்டிருந்தான். அவனைவிடச் சாக்குதான் அதிகம் தெரிந்தது.

நனைந்தது எனக்குப் பெரிய கவலை இல்லை. விளையாட்டு ஆசிரியர் சிவபிரகாஷ் சார் போன வாரமே சொல்லிவிட்டார்: “மழை லீவு முடிஞ்சு பள்ளிக்கூடம் திறக்கற அன்னைக்குக் காலையில ஓட்டத் தேர்வு. முதல் ரெண்டு பேரு எடப்பாடிப் போட்டிக்குப் போலாம். வராதவங்க பேரு கிடையாது. இனியா, உங்கப்பாவை ஒரு போன் வாங்கச் சொல்லு.”

அப்பாவிடம் சொன்னேன். “போனு ஒண்ணு வந்தா, அதும் பின்னாடியே சார்ஜரு வரும், சார்ஜருக்குக் கரண்டு வரும், கரண்டுக்கு ஃபேன் வரும்” என்றார். எனக்கு ஃபேன் வந்தாலும் பரவாயில்லை என்றுதான் தோன்றியது.

எந்த நாள் திறப்பார்கள் என்று தெரியாமல் தினமும் இரண்டு கிலோமீட்டர் நனைய முடியாது. திரும்பும் வழியில் தீபிகா வீட்டில் நின்றேன். அவள் என் வகுப்பு. ஓட்டத்தில் எப்போதும் எனக்கு அரை அடி முன்னால் போவாள், அல்லது அரை அடி பின்னால் வருவாள். அவள் வீட்டு மொட்டை மாடி எங்கள் காட்டுப் பாறையிலிருந்து தெரியும்.

“தீபிகா, லீவுன்னு போன்ல வந்தா உங்க மாடிக் கம்பியில சிவப்புக் குடத்தைக் கவுத்து வெச்சுரு. குடம் இல்லைன்னா நான் பள்ளிக்கூடம் வாரேன்.”

“சூப்பர்டி!” என்றாள்.

அப்பாவுக்கும் பிடித்துவிட்டது. “ஆனா அது பிளாஸ்டிக் குடமா சாமி?” என்று மட்டும் கேட்டார்.

“நாம பாக்க மட்டும்தானுங்க செய்றோம்” என்றேன்.

அடுத்த நாள் குடம் இருந்தது. அதற்கடுத்த நாளும் இருந்தது. மூன்றாம் நாள் மழை இல்லை. ஆனால் குடம் அதே இடத்தில் இருந்தது. நானும் சபரியும் பாறைமேல் உட்கார்ந்து கடலைக்காய் உரித்தோம்.

“அக்கா, தீபிகா அக்கா வேணும்னே வெச்சிருப்பாங்களா? நீ போலைன்னா அவங்கதானே ஃபர்ஸ்ட்டு?”

“சும்மா தின்னுடா” என்றேன். எனக்கும் அதே சந்தேகம்தான்.

சபரி பள்ளிக்கூடம் இருக்கும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்றாம் வகுப்புக்குக் காலைச் சாப்பாடு பள்ளியில்தான். “இன்னைக்குப் பொங்கலு, சாம்பாரு. எல்லாம் போச்சு” என்று பெருமூச்சு விட்டான்.

நானும் பார்த்தேன். தென்னை மரங்களுக்குப் பின்னால் கறுப்பாகப் புகை எழுந்தது. பள்ளியில் சமைக்கும் சாலம்மாள் அக்காவின் விறகடுப்புப் புகை.

லீவு நாளில் சாலம்மாள் அக்கா யாருக்குப் பொங்கல் வைப்பார்? ஆடுகளுக்கா?

“சபரி, ஓடு!”

இரண்டு கிலோமீட்டரும் சேற்றில் ஓடினோம். பாதி வழியில் சபரியை முதுகில் தூக்கிக்கொண்டேன். “பொங்கல் தீந்துரும்க்கா, சீக்கிரம்” என்று முதுகிலிருந்து விரட்டினான்.

மைதானத்தில் எல்லோரும் கோட்டில் நின்றிருந்தார்கள். தீபிகாவை மட்டும் காணோம்.

“எங்கடா அந்தப் பொண்ணு? மூணாவது தடவையா பாத்ரூம் போறா! வயிறு சரியில்லைன்னா ஊட்டுக்குப் போகச் சொல்லு!” என்று சிவபிரகாஷ் சார் கத்திக்கொண்டிருந்தார்.

பாத்ரூம் கதவு இடுக்கிலிருந்து ஒரு கண் எட்டிப் பார்த்தது. என்னைப் பார்த்ததும் தீபிகா துள்ளி வெளியே வந்தாள்.

“வயிறு சரியாப் போச்சுங் சார்!”

கோட்டில் என் பக்கத்தில் வந்து நின்று கிசுகிசுத்தாள். “எங்கம்மா குடத்தைக் கழுவி அங்கயே காய வெச்சுருச்சுடி. பள்ளிக்கூடம் வந்தப்புறம்தான் திரும்பிப் பாத்தேன். வேற என்ன பண்றது? உள்ள ஒரே கொசு.”

என் சந்தேகத்தைச் சபரியிடம் சொல்லாமல் விட்டது நல்லதாகப் போயிற்று.

சார் விசில் ஊதினார். தீபிகா அரை அடி முன்னால் போனாள். நான் இரண்டாவது. சேற்றுக் காலோடு ஓடியதால் எனக்குப் பின்னால் வந்த மூன்று பேர் சட்டையும் வீணாயிற்று.

“ரெண்டு பேரும் எடப்பாடிக்கு வாங்க” என்றார் சார். “ஆமா, உனக்கு யாரு போன் பண்ணுனாங்க?”

“சாலம்மாள் அக்காவோட அடுப்புங் சார்.”

அன்றிலிருந்து நாங்கள் குடத்தைப் பார்ப்பதில்லை. புகையைத்தான் பார்க்கிறோம்.

அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. மூன்று நாள் பொறுத்தார். நான்காம் நாள் காலையில் பாறைமேல் நின்று, “புகை வருது! வாத்தியாரு இருப்பாரு. போனே வேண்டாம்னு நானே போய்ச் சொல்லிட்டு வாரேன்” என்று ஒரு கட்டு முருங்கைக்காயோடு கிளம்பிவிட்டார்.

பல் விளக்கிவிட்டு வந்த என்னிடம் அம்மா இதைச் சொன்னார்.

“அய்யோ அம்மா, இன்னைக்கு ஞாயித்துக்கிழமைங்க!”

எங்கள் வீட்டில் காலண்டரும் கிடையாது. மறுபடியும் ஓடினேன். அந்த ஓட்டத்தில் தீபிகாவையே முந்தியிருப்பேன்.

பள்ளி வாசலில் மாரியாயி அக்கா குப்பையைக் கொளுத்தி முடித்திருந்தார். அதுதான் அந்தப் புகை. உள்ளே தூரத்தில், வகுப்பு வகுப்பாக ஜன்னலில் எட்டிப் பார்த்தபடி அப்பா போய்க்கொண்டிருந்தார்.

“அப்பா!” என்று கத்தினேன். அவருக்குப் பாதிக் காதுதான்.

“மாரியாயி அக்கா!” என்று தூரத்திலிருந்து ஓடியபடியே கத்தினேன். அவர் இரண்டு காதிலும் போன் வயர் மாட்டிப் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பாட்டுக்குத் தலையை ஆட்டியபடியே, அப்பாவுக்குப் பின்னால் பெரிய இரும்புக் கதவைச் சாத்தி, பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.