பட்டை இல்லாத வரைபடம்

சைரன் அலறியது!

சியோல் நகரமே அப்படியே உறைந்து நின்றது.

ஜன்னல் இல்லாத கட்டுப்பாட்டு அறையில் டைரக்டர் பாங் மட்டும் அவசரகால மஞ்சள் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு சாவகாசமாக பார்லி டீயை உறிஞ்சினார்.

"ஆரம்பிச்சாச்சா பயிற்சிக் கூத்து? இந்தத் தடவை குண்டு எங்கம்மா விழுந்திருக்கு?"

"இஞ்சோன் துறைமுகத்துல, சார்," என்றாள் சே-ரின்.

அணுகுண்டு வெடித்தால் கதிர்வீச்சுத் தூசி எந்தத் தெருவில் விழும் என்று கணிப்பது அவள் வேலை. அந்தக் கணிப்பு முறையை உருவாக்கியவன் அவளுடைய அண்ணன் தே-உக். போன குளிர்காலத்தில் இதே கட்டடத்தின் படியில் உருண்டு செத்தான்.

கால் இடறியதாம்!

அந்த வார்த்தை இன்னும் அவள் நெஞ்சில் முள்ளாய்க் குத்திக்கொண்டிருந்தது.

பாங் தன் திரையைப் பார்த்தார். வரைபடத்தில் ஒரு சிவப்பு நாக்கு அவர்களை நோக்கி நீண்டுகொண்டிருந்தது...

டீக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"ஏம்மா... மேல 'பயிற்சி'ன்னு ஒரு பட்டை இருக்குமே... காணோம்?"

"பயிற்சின்னா இருக்கும், சார்."

"அ... அப்போ?"

"அரை மணியில தூசி வந்துடும். வாங்க, நம்ம நிலவறைக்குப் போயிடலாம். உங்க மச்சான் கட்டினது, நீங்களே பாதுகாப்பானதுன்னு சொன்னது!"

நாற்காலி கவிழ்ந்தது.

"அங்க வேண்டாம்! மெட்ரோ சுரங்கத்துக்கு ஓடலாம்! கதவைத் திற!"

சே-ரின் கதவில் சாய்ந்து நின்றாள். திறக்கும் அட்டை அவள் கையில்.

"ஏன் வேண்டாம்?"

"கூரையில கான்கிரீட் பாதிதான் இருக்கு! கதிரைத் தாங்காது!"

"யார் சொன்னாங்க?"

"உங்கண்ணன்தான்! படியில என்னை நிறுத்தி வெச்சு..."

"கால் இடறினானே, அந்தப் படியிலயா?"

"இடறலை! தள்ளினேன்! ஊருக்கே சொல்லிடுவேன்னான், தள்ளிட்டேன்! போதுமா? திறடீ!"

திறந்தாள்.

வாசலில் இன்ஸ்பெக்டர் ஓக்! அவர் காதில் இருந்த போனில் பாங்கின் மூச்சிரைப்புகூடத் தெளிவாகக் கேட்டது. சே-ரினின் போன் அதுவரை இணைப்பிலேயே இருந்தது.

வெளியே, பயிற்சி முடிந்ததற்கான சைரன் நிதானமாக ஊதியது.

பாங் சே-ரினை நோக்கி விரலை நீட்டினார்.

"பொய் எச்சரிக்கை! ஊரையே பயமுறுத்தியிருக்கா, இவளையும் பிடிங்க!"

"ஊருக்கெல்லாம் வரைபடம் பட்டையோடதான் போச்சு, சார். உங்க ஒரு திரையில மட்டும்தான் எடுத்துட்டேன்."

கைவிலங்கு 'க்ளிக்' என்றது.

அண்ணன் போன பிறகு முதல் தடவையாக சே-ரின் சிரித்தாள்.

"பயப்படாதீங்க, சார். நான் கணக்குப் போட்டுப் பார்த்துட்டேன்... ஜெயில் சுவர் நல்ல தடிமன். ஒரு கதிர்கூட உள்ளே வராது!"