நீலத் துப்பட்டாவும் அரை மணி நேரமும்

வியாழக்கிழமை காலை 11.10-க்கு அந்தச் செய்தி வந்தது.

'இன்னிக்கும் நீதான் ஃபர்ஸ்ட் மார்க்கா? அந்த நீலத் துப்பட்டாவை ஒழுங்கா போடு. பரீட்சை அன்னிக்கு நீ எந்த பஸ்ல ஏறுவேன்னு எனக்குத் தெரியும்.'

கெட்ட வார்த்தை ஒன்றுகூட இல்லை. அதனால் 'பால்கனி' செயலியின் வடிகட்டியில் அது சிக்கவில்லை. பெயர் சொல்லாமல் யாரும் யாருக்கும் எழுதலாம் என்பதுதான் பால்கனியின் பெருமை. மயிலாப்பூரில் ஒரு பயிற்சி மையத்து மாணவர்கள் அதில் குழு வைத்து, அரசுத் தேர்வுக்கான சந்தேகங்களைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பதில் சொல்பவள் பெரும்பாலும் அன்புக்கரசி. அவள் மட்டும் சொந்தப் பெயரில் எழுதினாள்.

அந்த வாரத்தில் அவளுக்கு வந்த ஐந்தாவது மிரட்டல் இது. ஒன்றைத் தடை செய்தால் இன்னொரு புதுக் கணக்கு முளைத்தது.

அன்று மாலை அந்தச் செய்திகளை இணைத்து நிறுவனத்துக்கு அவள் எழுதிய புகாரில் இரண்டே வரிகள். 'நாளையோட கிளாசை நிறுத்திக்கிறேன். உங்க ஆப்புக்கு ரொம்ப நன்றி.'

தரமணி அலுவலகத்தில் அதைப் படித்த சிம்ராவுக்குச் சுருக்கென்றது. செயலியின் பாதுகாப்பு வசதிகளை வடிவமைப்பவள் அவள். திங்கட்கிழமைதான் அவளுடைய புது வசதி ஒன்று நடைமுறைக்கு வந்திருந்தது. புதுக் கணக்கிலிருந்து போகும் முதல் செய்தி அரை மணி நேரம் காத்திருக்கும். மனம் மாறினால் அனுப்பியவர் அதற்குள் திரும்பப் பெறலாம். இந்த ஆளுக்கு ஐந்து முறையும் மனம் மாறவில்லை. ஆள் யாரென்று தேடவும் வழியில்லை. பெயரையோ எண்ணையோ பால்கனி சேமிப்பதே இல்லை.

வெள்ளிக்கிழமை காலை பறக்கும் ரயிலில் ஏறி மயிலாப்பூருக்கே போனாள்.

கச்சேரி சாலைக்குப் பின்னால், ஒரு மாடியில் வகுப்பு. அன்புக்கரசி அலமாரியிலிருந்து தன் புத்தகங்களை எடுத்துப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தாள். அடையாற்றங்கரைக் குடிசையிலிருந்து நகருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்கு மாற்றப்பட்ட குடும்பம். இரண்டு பஸ் மாறி வருகிறவள். தேர்வுக்கு இன்னும் ஒன்பது நாள்தான்.

பிரபு என்ற மாணவன் ஜெராக்ஸ் தாள்களை விநியோகித்துக்கொண்டிருந்தான். வினாத்தாளைக் கடைக்குக் கொண்டுபோய்ப் பிரதி எடுத்து வருவது தினமும் அவன் பொறுப்பு. மாதிரித் தேர்வுகளில் எப்போதும் இரண்டாம் இடம்.

"ஆளைக் கண்டுபிடிச்சாச்சும்மா," என்றார் ஆசிரியர் குருபிரசாத், சிம்ரா தான் யாரென்று சொன்னதும். "உள்ள நுழையறச்சே எல்லார் போனும் இந்தக் கூடைக்குள்ள போயிடும். பதினொண்ணு பத்துக்குக் கையில போன் வெச்சிண்டிருந்தவன் இந்த யாசிர் ஒருத்தன்தான். லேட்டா வந்தான், வெளியில நிக்க வெச்சேன். இன்னியோட அவனை அனுப்பிடப் போறேன்."

யாசிர் வாசலில் நின்றபடியே சொன்னான். "அம்மாவ ஆஸ்பத்திரில உட்டுட்டு பதினொண்ணு அஞ்சுக்குதான் சார் வந்தேன். நான் எதுக்கு அந்தப் பொண்ண மிரட்டப்போறேன்?"

"போன் உன் கையிலதானே இருந்தது?" என்றான் பிரபு. "அந்த நேரத்துல நான் போர்டுல கணக்குப் போட்டுட்டிருந்தேன். எல்லாரும் பார்த்தாங்க."

அவனை யாரும் கேட்கவில்லை. சிம்ரா அதைக் கவனித்தாள். ஆனால் அவன் சொன்னது பொய்யில்லை. இருபது பேர் சாட்சி.

அப்போது அன்புக்கரசியின் தோழி நிஷா உள்ளே வந்தாள். "இன்னாடி, என் மஞ்ச துப்பட்டா எங்க?"

"தொவைச்சுப் போட்டுகீறேன்டி. குடுத்தனுப்புறேன்."

சிம்ரா திரும்பினாள். "எந்தத் துப்பட்டா?"

"நேத்து பிரேக்குல டீ கொட்டிக்கிச்சுக்கா. நீலத்த அவுத்து பைக்குள்ள வெச்சிட்டு, இவ குடுத்த மஞ்சளத்தான் போட்டுகினு உக்காந்தேன்."

"பிரேக் எப்போ?"

"பத்தே முக்காலுக்கு."

சிம்ரா செய்தியை இன்னொரு முறை படித்தாள். பிறகு கேட்டாள். "யாசிர், நேத்து இவங்க என்ன கலர் துப்பட்டா போட்டிருந்தாங்க?"

"ஜன்னல் வழியா பாத்தேன். மஞ்ச. இன்னாத்துக்குக் கேக்குறீங்க?"

சிம்ரா அருகிலிருந்த பெஞ்சில் மெல்ல உட்கார்ந்தாள். தோற்றுப்போனதாக நினைத்த தன் வசதி அவளுக்கு ஞாபகம் வந்தது.

"சார், நேத்து மார்க் எப்போ சொன்னீங்க?"

"பத்து மணிக்கு."

"பத்து நாப்பதுக்கு யாராவது வெளியில இருந்தாங்களா?"

"நான் பாடம் நடத்திண்டிருந்தேன். எல்லாரும் உள்ளதான்... பிரபு மட்டும் ஜெராக்ஸ் கடைக்குப் போயிருந்தான்."

"கடையில காசு எப்படிக் கொடுத்தீங்க பிரபு?"

"போன்லதான். ஸ்கேன் பண்ணி."

சொல்லி முடித்ததும் அவன் முகம் வெளிறியது.

"பதினொண்ணு பத்து, செய்தி வந்து சேர்ந்த நேரம்," என்றாள் சிம்ரா. "புதுக் கணக்குன்னா எங்க ஆப் அதை அரை மணி நேரம் நிறுத்திவைக்கும். அப்படின்னா எழுதினது பத்து நாப்பதுக்கு. அப்போ அன்புக்கரசி மேல நீலம்தான் இருந்தது. யாசிர் அந்த நீலத்தைப் பார்க்கவே இல்லை. மார்க் சொல்றப்போவும் அவர் இங்க இல்லை. ரெண்டும் தெரிஞ்சு, அந்த நேரத்துல போனும் கையில வெச்சிருந்தவர் நீங்க ஒருத்தர்தான். நீங்க யோசிக்கணும்னு அரை மணி நேரம் கொடுத்தேன். நீங்க அதுக்குப் பின்னால ஒளிஞ்சிக்கிட்டீங்க."

பிரபு தரையைப் பார்த்தான். "எவ்வளவு படிச்சாலும் ரெண்டாவதுதான் வருது," என்றான் கடைசியில். "அவ பயந்து நின்னுட்டா போதும்னு நெனச்சேன். வேற ஒண்ணும் பண்ணியிருக்க மாட்டேன்."

"அது எனக்கு எப்டித் தெரியும்?" என்றாள் அன்புக்கரசி. "அஞ்சு நாளா பஸ்ல ஒவ்வொரு மூஞ்சியா பாத்துகினு வந்தேன். நான் ஸ்டேஷன்ல எழுதிக் குடுக்கப்போறேன் சார்."

"நானும் வரேன்," என்றார் குருபிரசாத். பிறகு யாசிரிடம் போய், எல்லோருக்கும் கேட்கும்படி மன்னிப்புக் கேட்டார். யாசிர் தலையை மட்டும் அசைத்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தான்.

படியிறங்கும்போது அன்புக்கரசி சட்டென்று நின்றாள். "அக்கா, தப்பா நெனைக்காதீங்க. யோசிக்க அவனுக்கு அரை மணி நேரம் குடுத்தீங்க. எனக்கு இன்னா குடுத்தீங்க?"

தரமணிக்குத் திரும்பும் வழியெல்லாம் சிம்ராவுக்கு அந்தக் கேள்விதான். அனுப்புகிறவனின் மனம் மாறும் என்று காத்திருந்தாளே தவிர, பெறுகிறவளின் கையில் அவள் எதையும் வைக்கவில்லை.

அடுத்த வாரம் முழுக்க அவளும் சக பொறியாளர் அமீனும் அதிலேயே கிடந்தார்கள். செய்த வசதி எளிமையானது. தெரியாதவர் நேராக எழுத முடியாது; கதவைத் தட்ட மட்டும் முடியும். திறந்தால்தான் சொல் உள்ளே வரும். வேண்டாம் என்று ஒருமுறை சொன்னால், அதே போனிலிருந்து எத்தனை புதுக் கணக்கு தொடங்கினாலும் திறக்காது. யார் என்பது அப்போதும் யாருக்கும் தெரியாது.

சோதனைக்கு விட்ட முதல் ஞாயிற்றுக்கிழமை, பகல் 1.15. சிம்ராவின் திரையில் யாரோ தட்டினார்கள். புதுக் கணக்கு, பெயரில்லை. கொஞ்சம் தயங்கிவிட்டுத் திறந்தாள்.

'அக்கா, நான்தான். பரீட்சை முடிஞ்சி வெளிய வந்துட்டேன். கணக்கு ஒண்ணுகூட விடல. பஸ்ல ஜன்னல் சீட்டு கெடச்சுது, தூங்கப்போறேன்.'