கறுப்புக்கு அடியில்

லீவு முடிந்து நான் வேலைக்குத் திரும்பிய அன்று எங்கள் அறையில் எதுவும் மாறியிருக்கவில்லை. ஜன்னல்களில் ஒட்டிய கறுப்புத் தாள் அப்படியே இருந்தது. திரையில் வெயில் பட்டால் நிறம் பொய் சொல்லும் என்பதால் பட்டப்பகலிலும் அங்கே இருட்டுதான். சூடேறிய தூசியின் வாடையும் கம்ப்யூட்டர் விசிறிகளின் ஓயாத முனகலும் வழக்கம்போல இருந்தன.

பக்கத்து நாற்காலிக்காரர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். திரையில் வரும் பாத்திரங்களுக்கு முடி செய்பவர் என்பதால் அவருக்கு ஆபீஸில் வைத்த பெயர் சவரம். "வந்துட்டீங்களா" என்றார். போய் ஒரு டீயைக் கொண்டுவந்து வைத்தார். நான் எடுத்துக் குடித்தேன்.

"ஏங்க, கொதிக்குதுங்க அது."

நாக்கு வெந்திருந்தது. அவர் சொன்ன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அக்கா செத்துப்போனதிலிருந்து எனக்கு எல்லாமே இப்படித்தான், யாராவது சொன்னால்தான் உறைக்கிறது. ஒரு சொட்டு அழவில்லை. கல்லுமாதிரி நிற்கிறாளே என்று சொந்தக்காரர்கள் என் காதுபடவே பேசினார்கள். பேசிவிட்டுப் போகட்டும் என்று இருந்துவிட்டேன்.

என் வேலை, கம்ப்யூட்டரில் உருவாகும் ஆட்களுக்குத் துணி உடுத்துவது. ஒரு துணிக்கு இரண்டு படங்கள் வேண்டும். ஒன்று துணியின் நிறம். மற்றது வெறும் கறுப்பு வெள்ளை. அதை ஆல்ஃபா என்போம். ஆல்ஃபாவில் வெள்ளையாக உள்ள இடத்தில் துணி தெரியும், கறுப்பாக உள்ள இடத்தில் தெரியாது. கறுப்பும் வெள்ளையும் முட்டிக்கொள்ளும் ஓரம் ரம்பப் பல் மாதிரி இருந்தால் கிட்டத்தில் பார்க்க அசிங்கமாக இருக்கும். நடுவில் கொஞ்சம் சாம்பல் நிறம் பூசி அதை வழவழப்பாக்க வேண்டும்.

எங்கள் குழுத் தலைவரை மேஸ்திரி என்போம். அவர் வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.

"முடியும்னா பண்ணும்மா. சாயங்காலம் வேலை குடுத்த பார்ட்டி பார்க்க வர்றாங்க. நாயகி முகத்துக்கிட்ட அந்தச் சால்வை வருது, ஓரம் பல்லிளிக்குது. அதை மட்டும் சரி பண்ணிட்டு நீ வீட்டுக்குக் கிளம்பு."

"சரி சார்" என்றேன்.

அந்தச் சால்வை அக்காவுடையது. சாம்பல் நூலில் பின்னிய வலைச் சால்வை. அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று, வீட்டில் யாரும் இல்லாதபோது, இந்த வேலைக்காகச் சாப்பாட்டு மேஜைமேல் விரித்துப் படம் எடுத்தேன். மறுநாள் குளிருகிறது என்று கேட்டாள், கொண்டுபோய்க் கொடுத்தேன். அதைச் சுற்றித்தான் அவளை எடுத்துப்போனார்கள். இப்போது அந்தச் சால்வை இருப்பது என் கம்ப்யூட்டரில் மட்டும்தான்.

அக்காவுக்குப் பார்வை வருஷா வருஷம் சுருங்கிக்கொண்டே வந்தது. தெருவில் போகும்போது என் சட்டையின் இடது ஓரத்தைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வருவாள். கையைப் பிடி என்றால் கேட்கமாட்டாள். "உன் சட்டைதான்டி எனக்குப் பஸ் கம்பி" என்பாள். என் சட்டைகள் எல்லாமே இடது பக்கம் தொங்கிப்போனவை. மேடு பள்ளம் வந்தால் நான் திரும்பாமலே சொல்வேன்: "படி இருக்கு. பாத்து வா."

கடைசியிலும் அவள் பிடித்திருந்தது என் சட்டை ஓரத்தைத்தான். நர்ஸ் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள். அக்காவின் சுண்டுவிரல் சின்ன வயதில் கதவில் நசுங்கி வளைந்துபோனது. அது மட்டும் கொக்கிபோல மாட்டிக்கொண்டு கடைசியாகத்தான் விட்டது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

ஓரத்தை மழித்தேன். சாம்பல் பூசினேன். சாப்பாட்டு நேரத்துக்குள் சால்வையின் ஓரம் தண்ணீர்போல வழுக்கிக்கொண்டு போனது.

சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் ஓரிடத்தில் மறுபடியும் பல்.

"சேவ் பண்ண மறந்திருப்பீங்க" என்றார் சவரம். "எனக்கும் ஆகும்ங்க. முழுத் தலையும் மொட்டையாப் போன நாள் உண்டு."

மறுபடி மழித்தேன். சேவ் ஆனதைக் கண்ணால் பார்த்தேன். டீ எடுக்க எழுந்து போய்த் திரும்பினேன். அதே இடத்தில், பக்கம் பக்கமாக, நாலு சுருக்கம்.

யாரோ பிடித்து இழுத்தால் துணி சுருங்குமே, அப்படி.

பெரிதாக்கிப் பார்த்தேன். சாம்பல் பூசிய விளிம்பில் தோல் நிறத்தில் மெல்லிய கோடு ஒன்று தெரிந்தது. அதற்குக் காரணம் எங்கள் தொழிலில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். ஆல்ஃபா எதையும் அழிப்பதில்லை, மறைக்க மட்டுமே செய்கிறது. கறுப்புக்கு அடியில் நிறப்படத்தில் என்ன இருந்ததோ அது அப்படியே இருக்கும். விளிம்பை மிருதுவாக்கினால் அடியில் இருப்பது கொஞ்சம் எட்டிப்பார்க்கும். அடியில் என் சாப்பாட்டு மேஜை இருக்க வேண்டும். அது பச்சை.

ஆல்ஃபாவை அணைத்தேன்.

மறைந்திருந்ததெல்லாம் வெளியே வந்தது. பச்சை மேஜை. அதன்மேல் சால்வை.

சால்வையின் ஓரத்தில் ஒரு கை.

மணிக்கட்டு வரைக்கும்தான் தெரிந்தது. நாலு விரல்களும் வலைக்குள் இறுகப் புதைந்திருந்தன.

சுண்டுவிரல் வளைந்திருந்தது.

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. நெஞ்சு அடித்துக்கொள்ளவில்லை, வியர்க்கவில்லை. மின்சாரக் கட்டண ரசீதைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு சவரத்தைக் கூப்பிட்டேன்.

"யாரை வச்சுங்க படம் எடுத்தீங்க?"

"யாரையும் வைக்கலை. மேஜைமேல போட்டு எடுத்தேன்."

அவர் குனிந்தார்.

"நகத்தைப் பாருங்க" என்று கிசுகிசுத்தார். "வெளுத்துட்டே வருது. இறுக்கிப் பிடிச்சா வெளுக்குமே, அந்த மாதிரி."

அவர் தன் இடத்துக்குப் போய் ஹெட்போனை மாட்டிக்கொண்டார். அதன் ஒயர் எதிலும் சொருகாமல் மேஜைமேல் தொங்கிக்கொண்டிருந்தது.

மேஸ்திரி எட்டிப்பார்த்தபோது நான் ஆல்ஃபாவை மறுபடி போட்டுவிட்டிருந்தேன். அவருக்குத் தெரிந்தது அந்தத் தோல் நிறக் கோடு மட்டும்தான்.

"இது ஒரு விஷயமா? அடியில முழுக்க சால்வைக் கலரை ரொப்பிடு. பழைய காப்பி எதையும் வைக்காதே, போன தடவை அதுல குழம்பித்தான் பேர் கெட்டுச்சு."

ரொப்பினால் கை போய்விடும். ஒரு பிரதி எடுத்துக்கொள் என்று எனக்குள்ளேயே சொல்லிப் பார்த்தேன். அவளுடையதாக மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான் என்றும் சொன்னேன். நாக்கு வெந்தது தெரியாதவளுக்கு இது மட்டும் எப்படி உறைக்கும்? கை தன் பாட்டுக்கு வேலை செய்தது. சாம்பல் நிறம் விரல் விரலாக மூடிக்கொண்டு போனது. சுண்டுவிரல் கடைசியாக மறைந்தது.

பழைய காப்பியையும் அழித்தேன்.

ஓரம் அதன் பிறகு சுருங்கவே இல்லை. பார்ட்டி வந்து பார்த்துவிட்டுக் கைதட்டினார்கள். நிஜத் துணி தோற்றது போங்கள் என்றார் ஒருவர். நானும் தட்டினேன்.

லிஃப்ட் ரிப்பேர். படிக்கட்டில் இறங்கினேன். இரண்டாவது மாடித் திருப்பத்தில் சட்டை எதிலோ மாட்டியது. குனிந்து பார்த்தேன்.

இடது ஓரம் நாலு இடத்தில் சுருங்கி, விறைப்பாக, காற்றில் நின்றது.

"படி இருக்கு. பாத்து வா" என்றேன். வாய் தானாகச் சொன்னது.

அப்புறம்தான் கவனித்தேன். அக்கா எப்போதும் எனக்குப் பின்னால்தான் வருவாள்.

இந்த இழுப்பு முன்னாலிருந்து வந்தது.

அதன் வேகத்துக்கு நானும் இறங்கினேன். தரைத்தளம் வந்தது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே சாயங்கால வெயில், ஜனங்கள், வண்டிகள். சட்டை அந்தப் பக்கம் திரும்பவில்லை. பழைய சாமான்கள் போட்டுவைக்கும் நிலவறைக்குப் போகும் படிகளைப் பார்த்து இழுத்தது.

"எங்கம்மா போறீங்க?" என்றார் வாட்ச்மேன். "கீழ லைட்டுகூட எரியாது."

"தெரியும்ணே" என்றேன்.

கால் வைத்ததும் இருட்டு. ஈரச் சுவரின் வாடை, அதற்குள் ஆஸ்பத்திரி மருந்தின் நெடி. இடுப்பருகே சில்லென்று ஒன்று பட்டது. அக்கா போனதிலிருந்து முதல்முறையாக, யாரும் சொல்லாமலே, எனக்குக் குளிர்ந்தது. பயந்தேன். வந்தது அழுகை, அத்தனை நாளும் வராத அழுகை முழுவதும். திரும்பி ஓடிவிட நினைத்து இரண்டு கைகளாலும் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

விடவில்லை.

கீழே இருட்டுக்குள்ளிருந்து, திரும்பாமல் சொல்வதுபோல, மெல்லிய குரல் வந்தது.

"படி இருக்குடி. பாத்து வா."