கரை பார்த்த காலணிகள்

உடை மாற்றும் அறையிலிருந்து திரும்பி வந்த வில்மா பலகைத் துறையின் நடுவில் அப்படியே நின்றுவிட்டாள். சற்று முன்பு தன் கையாலேயே கரைப்பக்கம் திருப்பி வைத்த யெல்காவின் நடைபூட்ஸ், மறுபடியும் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

துறையில் வேறு ஒருவரும் இல்லை. யூலியன் ஆல்ப்ஸ் மலைகளிலிருந்து இறங்கிய மூடுபனி எதிர்க்கரையை விழுங்கி, நடு ஏரியை விழுங்கி, இப்போது துறையின் கடைசிப் பலகை வரைக்கும் வந்திருந்தது. ஈர மரத்தின் வாசனையோடு, துறைக்காரர் ஸ்டானேயின் குடிலில் கொதிக்கும் முட்டைக்கோஸ் சூப்பின் புளித்த வாசனையும் கலந்து வந்தது. மேய்ச்சலிலிருந்து திரும்பும் மாடுகளின் மணிச்சத்தம் எங்கேயோ தேய்ந்துகொண்டிருந்தது. பலகைக்கு அடியில் தண்ணீர், நாய் நக்குவதுபோலச் சளக் சளக் என்றது.

அந்தப் பள்ளத்தாக்கில் நீந்தப் போகிறவர்கள் காலணியைத் தண்ணீரைப் பார்த்து வைத்துவிட்டுத்தான் இறங்குவார்கள். ஏறியதும் முதல் வேலையாக அதைக் கரையைப் பார்த்துத் திருப்புவார்கள். தலை துவட்டுவதுகூட அப்புறம்தான். ஒரு ஜோடி தண்ணீரைப் பார்த்து நின்றாலும் போதும், ஸ்டானே வீட்டுக்குப் போகமாட்டார், படகை எடுத்துக்கொண்டு தேடக் கிளம்பிவிடுவார். அதனால் அடுத்தவர் காலணியை யாரும் தொடுவதில்லை. குழந்தைகள் விளையாட்டுக்குத் தொட்டாலும் கன்னத்தில் விழும்.

வில்மா தொட்டுவிட்டாள்.

யெல்கா அவள் கணவனின் தங்கை. காலையில் இருவரும் மலை ஏறத் தொடங்கியதிலிருந்து அவள் வாய் ஓயவே இல்லை. "என்ன அண்ணி, இந்த ஏத்தத்துக்கே இப்படி மூச்சு வாங்குது? எங்க அண்ணன் உங்கள அடுப்படியிலயே உட்கார வச்சுக் கெடுத்துட்டான்!" உச்சியில் பன்றிக்கொழுப்பு தடவிய ரொட்டியை எடுத்தபோது, "இதுல மட்டும் நீங்கதான் முதல்ல." நீந்த இறங்கும்போதுதான் உச்சம். "முழங்காலுக்கு மேல நனைஞ்சா கரைஞ்சிருவீங்களோ? சரி, இங்கயே இருந்து துண்டைப் பாத்துக்குங்க. அதுக்கும் ஒரு ஆள் வேணும்ல?"

பக்கத்தில் ஈரம் துவட்டிக்கொண்டிருந்த இரண்டு வெளியூர்க்காரர்களும் சேர்ந்து சிரித்தார்கள். அதுதான் சுட்டது. அவர்கள் கிளம்பிப் போனதும் வில்மா பூட்ஸைத் திருப்பி வைத்தாள். ஸ்டானே அடுப்பை அணைத்துக் குடிலைப் பூட்டிவிடட்டும், இவள் ஏறி வந்து சூடாக ஒரு வாய் டீ கிடைக்காமல் நடுங்கட்டும். அவ்வளவுதான் நினைத்தாள். சத்தியமாக அவ்வளவுதான்.

இப்போது குனிந்து இரண்டாம் முறையும் திருப்பினாள். பூட்ஸின் உள்ளே விரல் பட்டது. சொதசொதவென்று ஈரம். ஆனால் பலகையில் ஒரு ஈரத்தடம்கூட இல்லை.

"யெல்கா!"

"இங்கதான் இருக்கேன் அண்ணி," என்றது பனிக்குள்ளிருந்து குரல். சிரிப்பில்லாத குரல்.

பின்னால் பலகை அதிர்ந்தது. ஸ்டானே, கையில் விளக்கோடு.

"என்னம்மா, எல்லாரும் ஏறியாச்சா?"

கேட்டுக்கொண்டே அவர் பூட்ஸைப் பார்த்தார். வில்மா தாடையை லேசாக ஆட்டினாள். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், குளிர் நடுக்கம் என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

"நல்லதாப் போச்சு. இந்தப் பனியில தேடிப் போனா என் முட்டி கழண்டுரும். படகைப் பூட்டிட்டு வந்துர்றேன், கிளம்பத் தயாரா இருங்க."

விளக்கு படகுக் கொட்டகைப் பக்கம் போய் மறைந்தது. இப்போதுகூடச் சொல்லிவிடலாம். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். வில்மாவின் நெஞ்சு குறுகுறுக்கவில்லை, கல்லைக் கட்டித் தொங்கவிட்டதுபோல் கனத்தது.

"அண்ணி, கால் இழுத்துக்கிச்சு."

குரல் இப்போது பக்கத்தில்.

"யாரையாவது கூப்பிடுங்க அண்ணி."

கூப்பிட்டால் ஸ்டானே வருவார். வந்ததும் முதல் கேள்வி, இதை யார் திருப்பினது என்பதுதான். நாளைக்கு ரொட்டிக்கடையில் பேசுவார்கள், ஞாயிற்றுக்கிழமை தேவாலய வாசலில் பேசுவார்கள். கணவன் ஒன்றும் பேசமாட்டான். அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. அவள் தன் சாம்பல்நிறக் கோட்டைக் கழற்றிப் பலகையில் போட்டாள். தன் காலணிகளைக் கழற்றி ஏரியைப் பார்த்து வைத்தாள். ஸ்டானே திரும்பி வந்தால் இதைப் பார்ப்பார், படகோடு வருவார். வாயைத் திறக்காமலே சொன்னதாகிவிடும். அதற்குள் தானே யெல்காவைப் பிடித்துவிடவும் கூடும்.

இறங்கினாள். குளிர் விலா எலும்புகளை இறுக்கியது. நாலு வீச்சு. இன்னும் நாலு. வெள்ளைப் பனி, கறுத்த தண்ணீர், வேறெதுவும் இல்லை.

அதோ, யெல்காவின் சிவப்பு நீச்சல் தொப்பி.

"யெல்கா, வந்துட்டேன்மா. மன்னிச்சிரு."

தோளைப் பிடித்தாள். மரக்கட்டை. முகம் மெதுவாக மேலே திரும்பியது. கண்கள் திறந்திருந்தன. வாய் நிறையத் தண்ணீர். இந்த வாய் வெகுநேரமாக எதையும் பேசியிருக்க முடியாது.

துறையில் பலகை முனகியது.

வில்மா திரும்பிப் பார்த்தாள். பனி கொஞ்சம் விலகியிருந்தது. யாரோ நின்றிருந்தார்கள். சொட்டச் சொட்ட. அந்த உருவம் சாம்பல்நிறக் கோட்டை எடுத்தது. போட்டுக்கொண்டது. பொத்தான்களை ஒவ்வொன்றாக மாட்டியது. யெல்காவின் பூட்ஸைக் காலால் தண்ணீருக்குள் தள்ளியது. பிறகு குந்தி உட்கார்ந்து வில்மாவின் காலணிகளைக் கரைப்பக்கம் திருப்பியது.

விளக்கு வந்தது.

கத்த வாயைத் திறந்தாள். தண்ணீர் புகுந்தது. மரக்கட்டையாய்க் கிடந்த யெல்காவின் கை, அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தது.

"எல்லாரும் ஏறியாச்சா?"

உருவம் தாடையை லேசாக ஆட்டியது.

"உங்க நாத்தனார் எங்கம்மா?"

"அவ அப்பவே கிளம்பிட்டா," என்றது அது, வில்மாவின் குரலில்.

விளக்கு கரையேறியது. அதன் பின்னால், காலணிகளை மாட்டிக்கொண்டு, வில்மாவின் கோட் வீட்டுக்கு நடந்தது.