மாப்பிள்ளை பழகிட்டாரு

சமையலறையின் குட்டைக் கதவில் நாயின் வால் அடிக்கும் சத்தம் கேட்டது. தட், தட், தட். வீட்டு ஆள் வந்தால் மட்டும் கேட்கிற சத்தம் அது. கணவன் அதற்குள் வேலை முடிந்து வந்துவிட்டானா என்று அவள் கையிலிருந்த, பல் செட் தேய்க்கும் அரவை மோட்டாரை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டினாள். வாசல் கதவு திறக்கவில்லை, சாவி திரும்பவில்லை, யாரும் செருப்பைக் கழற்றி மூலையில் எறியவில்லை. மாலை மழை ஜன்னல் தகரத்தில் விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. மாமியார் அவள் மடியிலேயே சுருண்டு கிடந்தது. அப்படியென்றால் மாப்பிள்ளை யாரைப் பார்த்து வாலாட்டுகிறது?

மாமியார் என்பது பூனை, மாப்பிள்ளை என்பது நாய். இரண்டும் கணவன் வைத்த பெயர்கள். அவன் லிஃப்ட் மெக்கானிக். நாளெல்லாம் இருட்டுக் குழிக்குள் தனியாகத் தொங்கி வேலை பார்ப்பதாலோ என்னவோ, வீட்டுக்கு வந்தால் எதையாவது கேலி பேசாமல் அவனுக்கு இருப்புக்கொள்ளாது. வருடக்கணக்காக வீட்டை அதிகாரம் செய்துவந்த கிழட்டுப் பூனைக்கு மாமியார் என்ற பெயர் கச்சிதமாகப் பொருந்தியது. பிறகு ஒருநாள் காப்பகத்திலிருந்து அந்த நாயைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றான். நெட்டைக் கால், ஒட்டிய வயிறு, எந்நேரமும் எதையோ தேடும் கண். முயல் விரட்டவே வளர்க்கும் ஜாதி. வேட்டை ஆடியவர் கைவிட்டுப் போன பிராணி. "மாமியார் இருக்கிற வீட்டுக்கு மாப்பிள்ளை வந்தாச்சு, இனி குடும்பம் விளங்கிடும்" என்று சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அவள் பல் செட் செய்கிறவள். ஊரிலுள்ள பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளை வைத்துக்கொண்டு வீட்டின் பின்னறையில் நாள் முழுவதும் தனியாக உட்கார்ந்திருப்பாள். அந்த அறையைப் பட்டறை என்று சொல்வார்கள். அங்கே அவளுக்குத் துணை மாமியார் மட்டும்தான். அம்மா போன பிறகு வந்த கெட்ட நாட்களில் அவள் அழுது தீர்த்ததெல்லாம் அந்தப் பூனையின் முதுகில்தான். அதற்கு ஏதாவது ஆகிவிட்டால் தன்னால் தாங்க முடியாது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். கணவனுக்கும் தெரியும். தெரிந்தும் நாயைக் கொண்டுவந்ததில் அவளுக்கு ஆத்திரம்.

நாயை விட்டுச்செல்ல அவனோடு கூட வந்த காப்பகத்து அம்மா விஷயத்தை மூடி மறைக்கவில்லை.

"ஓடுற எதையும் இது விரட்டும்மா. அது இதோட ரத்தத்துல இருக்கு. ஆனா பழக்கலாம். வீட்டுல இருக்கிற ஒவ்வொரு ஜீவன் மேலயும் ஒரு துணியை நல்லாத் தேய்ங்க. அந்தத் துணி மேல இதோட சோத்துத் தட்டை வைங்க. தினம் அதுல தின்னத் தின்ன, இது நம்ம ஆளுன்னு மனசுல பதிஞ்சிடும். அப்புறம் தொடாது. ஒண்ணு, உங்க கையால தேய்க்காதீங்க. மருந்து நெடி துணியைக் கெடுத்துடும். சாரைத் தேய்க்கச் சொல்லுங்க."

அது நியாயம்தான். பல் செட்டுக்கு ஊற்றும் திரவத்தின் நெடி அவள் விரலை விட்டுப் போவதே இல்லை. அவள் மூக்கு அதில் எப்போதோ செத்துவிட்டது. பால் தீய்ந்தால்கூடப் புகையைக் கண்டுதான் ஓடுவாள்.

கணவன் துணி தேய்த்தான். ஒன்று பூனைக்கு, ஒன்று நடைவழிக் கூண்டில் இருந்த பஞ்சு என்ற வெள்ளை முயலுக்கு. வந்த புதிதில் மாப்பிள்ளை சாயங்காலமானால் நடைவழியில் நின்று பரணைப் பார்த்து உறுமும். பிடரி மயிர் குத்திட்டு நிற்கும், கடைவாயில் எச்சில் ஒழுகும். பரணில் பழைய பெட்டிகளுக்கு நடுவே மாமியார் போய்ப் படுப்பது வழக்கம் என்பதால், பூனை வாசனைக்குத்தான் உறுமுகிறது என்று இருவரும் முடிவு கட்டினார்கள். துணிமேல் சாப்பிடத் தொடங்கியதும் உறுமல் தேய்ந்தது. பஞ்சுவின் கூண்டுக் கம்பியை நக்கிக் கொடுக்கவும் ஆரம்பித்துவிட்டது. "மாப்பிள்ளை பழகிட்டாரு" என்று கணவன் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான்.

ஒன்று மட்டும் அவளுக்கு உறுத்தியது. பரணைப் பார்த்து உறுமுவதை விட்ட மாப்பிள்ளை, மாமியாரை நேரில் கண்டால் மட்டும் பழையபடியே உடம்பு நடுங்கி, கயிற்றை அறுத்துக்கொண்டு பாயப் பார்த்தது. அதனால் நாய்க்குச் சமையலறை, பூனைக்குப் பட்டறை, நடுவில் எப்போதும் ஒரு சாத்திய கதவு என்று ஏற்பாடு. கணவன் வெளியே போனால் நாய்க்கு வாய்ப்பூட்டும் உண்டு. அவள் கண்கொத்திப் பாம்பாகக் காவல் இருந்தாள்.

இப்போது வால் சத்தம் நின்றது. அவள் மோட்டாரை மறுபடி போடலாமா என்று யோசித்த நேரத்தில் நடைவழியிலிருந்து வேறொரு சத்தம் வந்தது. கூண்டுக் கதவின் கம்பிக் கொக்கி விலகும் கிளிக். பிறகு தரையில் சின்னக் கால்கள் பிறாண்டின. கீச்சென்று ஒரு குரல், முயலுக்கு அப்படியொரு குரல் உண்டு என்றே அவளுக்கு அதுவரை தெரியாது. அதுவும் பாதியில் நின்றுபோனது.

"மாப்பிள்ளை! விடு!"

கத்திக்கொண்டே எழுந்து ஓடினாள். போகிற அவசரத்திலும் பூனையை உள்ளே வைத்துக் கதவைச் சாத்த மறக்கவில்லை. நடைவழி விளக்கு மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது. கூண்டு திறந்து கிடக்க, அதன் முன்னால் பஞ்சு ஒருக்களித்துக் கிடந்தது. கழுத்தில் சிவப்பு. இந்தச் சனியனை இன்றைக்கே திருப்பி அனுப்புகிறேன் என்று சமையலறைப் பக்கம் திரும்பினாள்.

குட்டைக் கதவு தாழ் போட்டபடியே இருந்தது. அதற்குப் பின்னால் மாப்பிள்ளை சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. வாயில் பூட்டு அப்படியே இருந்தது. அதன் வார் தளரவில்லை, அதில் ஒரு பொட்டு ரத்தம் இல்லை.

அவள் மெல்லக் குனிந்து முயலைப் பார்த்தாள். வேண்டாம் என்று மனசு சொன்னாலும் பல்தடத்தைக் கண்டால் அவள் கண் தானாகப் படித்துவிடும். நாயோ பூனையோ கடித்தால் கோரைப்பல் ஆழமாக இறங்கும், நடுவே இடைவெளி விழும். இதில் கோரைப்பல்லே இல்லை. இடைவெளியும் இல்லை. வளைவு முழுக்க ஒரே அளவுப் பற்கள் நெருக்கமாகப் பதிந்திருந்தன. மனிதத் தாடையைவிடக் குறுகலான வளைவு, மனிதத் தாடையைவிட நீளமான வரிசை. இத்தனை வருடத்தில் அப்படியொரு அச்சு அவள் மேஜைக்கு வந்ததே இல்லை.

வீட்டுக்குள் ஏதோ இருக்கிறது. கொக்கியை விலக்கத் தெரிந்த ஏதோ.

அவளுக்கு அப்போது தோன்றியது ஒன்றுதான். வேட்டை நாய் வீட்டிலேயே இருக்கிறதே. இத்தனை நாள் கரித்துக் கொட்டிய அந்த நாய்தான் இனி கதி என்று, தாழை நீக்கி, வாய்ப்பூட்டின் வாரை அவிழ்த்து எறிந்தாள். கழுத்துப் பட்டையில் கயிற்றை மாட்டிக் கையில் சுற்றிக்கொண்டாள். மறு கையால் பட்டறையைத் திறந்து, நாயின் கண்ணில் படாதபடி மாமியாரைத் தூக்கித் தோளில் போட்டு, மேலே துண்டால் முழுக்க மூடி, கதவை மறுபடி சாத்தினாள். வாசலுக்குப் போக ஒரே வழி நடைவழிதான். போவதற்கு முன் கணவனை அழைத்தாள்.

"பஞ்சு செத்துக் கிடக்குங்க."

"ஐயையோ. மாப்பிள்ளையா?"

"இல்லங்க. வாய்ப்பூட்டு போட்டபடியே இருந்துச்சு, கதவும் தாழ் போட்டிருந்துச்சு. வேற ஏதோ உள்ள வந்திருக்கு."

"பெருச்சாளியா இருக்கும். பதறாத. நாய் என்ன பண்ணுது? உறுமுதா?"

அவள் நாயைப் பார்த்தாள். அது பரணைப் பார்த்துக்கொண்டிருந்தது. வால் மெதுவாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது.

"இல்ல" என்றாள். "ஏங்க, மாமியாருக்குத் துணி தேய்ச்சீங்களே, எங்க வச்சுத் தேய்ச்சீங்க?"

"இப்ப இது ரொம்ப முக்கியமா?"

"சொல்லுங்க."

"பரண்லதான். நாய் வந்த மறுநாள் சாயங்காலம். உன் மாமியார் உள்மூலையில இருட்டுல உக்காந்திருந்தாங்க. லைட்டு எட்டல. நாற்காலி மேல ஏறிக் கையை விட்டுத் தேய்ச்சேன். அன்னிக்குப் பார்த்து ஒரு சீறல் கிடையாது. முதுகு, வயிறு எல்லாம் அசையாம தேய்க்க விட்டுச்சு. நல்லா பெருத்துப்போச்சுன்னுகூட நெனச்சேன். பாசமா என் விரலைப் பிடிச்சுக்கிச்சுன்னா பாரேன்."

அந்தச் சாயங்காலம் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. நாய்க்குப் பயந்து கதவைச் சாத்திக்கொண்டு, இருட்டும்வரை மாமியாரை மடியை விட்டு இறக்காமல் பட்டறைக்குள்ளேயே இருந்த சாயங்காலம்.

"ஏங்க, மாமியார் அன்னிக்கு என்கிட்ட இருந்துச்சு."

மறுமுனையில் சிரிப்பு நின்றது.

"என்ன சொல்ற? அப்ப நான் யாரைத்..."

லிஃப்ட் குழிக்குள் சிக்னல் போய்விட்டது. அவள் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. எடுத்தால் வீடு இன்னும் அமைதியாகிவிடும் போலிருந்தது. மழையும் விட்டிருந்தது. நடைவழியில் சொட்டும் தண்ணீரின் சத்தம், நாயின் மூச்சு, தோளில் துண்டுக்குள் பூனையின் இதயம் படபடவென்று அடிப்பது, எல்லாம் தனித்தனியாகக் கேட்டன. தினம் இரண்டு வேளை அந்தத் துணியின்மேல் மாப்பிள்ளை சாப்பிட்டிருக்கிறது. தட்டை வைத்தது அவள்தான். நம்ம ஆளு, நம்ம ஆளு என்று பிடிபிடியாக அவளே ஊட்டியிருக்கிறாள்.

கயிறு இழுத்தது. மாப்பிள்ளை அவளையும் இழுத்துக்கொண்டு பரணுக்கு நேர் கீழே போய் நின்றது. கொஞ்சலாக ஒரு முனகல். பிறகு தரையில் மல்லாந்து படுத்து வயிற்றைக் காட்டியது.

பரணில் திரையாகத் தொங்கிய பழைய போர்வை விலகியது.

ஒரு கை இறங்கியது. நீளமான கை. முழங்கை வந்தது. இன்னும் இறங்கியது. மறுபடி ஒரு முழங்கை வந்தது. சாம்பல் மயிர். தரைவரை வந்துவிட்ட கை. மீதி உடம்பு இன்னும் மேலே இருட்டில்.

விரல்கள் மாப்பிள்ளையின் வயிற்றை இதமாகச் சொறிந்துகொடுத்தன. தினமும் செய்கிற கைக்கு வரும் பக்குவத்தோடு.

அவள் பின்னால் ஒரு அடி வைத்தாள். இன்னொரு அடி. முதுகில் பட்டறைக் கதவு. சாத்திய கதவு. இடது கை கைப்பிடியைத் தேடியது. கிடைக்கவில்லை. மரம், மரம், வெறும் மரம்.

மாமியாருக்குப் பொறுக்கவில்லை. துண்டைக் கிழித்துக்கொண்டு தலையை வெளியே நீட்டிச் சீறியது. நகங்கள் அவள் தோளில் இறங்கின.

சொறிந்த விரல்கள் நின்றன.

மாப்பிள்ளை புரண்டு எழுந்தது. பூனையைப் பார்த்தது. அதன் வால் நின்றது, மூச்சு நின்றது, ஒரு முன்கால் மட்டும் தரையை விட்டு உயர்ந்து அப்படியே அந்தரத்தில் நின்றது. அவள் கையில் சுற்றியிருந்த கயிறு விறைத்தது. ஆனால் நாயை நிறுத்திவைத்தது அவள் பலம் அல்ல. நாயின் கழுத்துப் பட்டையை அந்தக் கை பிடித்திருந்தது.

மேலே இருட்டில், ஒரே அளவில், நெருக்கமாக, ஒரு வரிசை வெள்ளை.

கை பட்டையை விட்டது.