ஃபுல் சார்ஜ், காலி டாங்க்

தினமும் சார்ஜ் போடுகிறாள். ஆனாலும் கார் பெட்ரோலைக் குடித்துக்கொண்டே இருக்கிறது... ஏன்?

தாரிணிக்குப் புரியவேயில்லை. அப்பா பேச்சை மீறி, சொந்தச் சம்பளத்தில் வாங்கிய, சார்ஜிலும் பெட்ரோலிலும் ஓடும் பிளக்-இன் ஹைபிரிட். "கரண்டுக்கும் பெட்ரோலுக்கும் சேர்த்து விலை கொடுத்திருக்கே. வெள்ளிக்கிழமை ஆள் வர்றார், வித்துடலாம்" என்று முடித்துவிட்டார் அப்பா கோபாலசாமி.

காலையில் துபாய் அலுவலக வாசலில் தூறல். சார்ஜரைச் செருகிவிட்டு, "உனக்கு என்னதான் வேணும்?" என்று காரையே திட்டினாள்.

"அதுக்கு எதுவும் வேண்டாங்க. ஃபுல்லா இருக்கு. எனக்குத்தான் சார்ஜர் வேணும்."

திரும்பினாள். இமைகளில் தூறல் துளிகளோடு ஒருவன்... நாலாவது மாடி வருண்.

"இப்பதானே செருகினேன்?"

"அதான் கேக்கறேன். ஷார்ஜாலேர்ந்து ஓட்டிட்டு வந்தீங்களா, தள்ளிட்டு வந்தீங்களா?"

உள்ளே எட்டிப் பார்த்தான். ஒரு பட்டன் எரிந்துகொண்டிருந்தது.

"இதை எதுக்கு அமுக்கி வச்சிருக்கீங்க?"

"அது பேட்டரியைச் சேமிக்கிற பட்டன். அவசரத்துக்கு இருக்கட்டுமேன்னு..."

அவன் சிரித்துவிட்டான். அவளுக்கு முகம் சிவந்தது. ஊருக்குக் கொண்டுபோக வேண்டுமென்று சோபாவின் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காத வீட்டில் வளர்ந்தவள்... வேறெப்படி இருப்பாள்? ஒயரைப் பிடுங்கினாள். காரை வேறிடத்தில் நிறுத்திவிட்டு ஆபீஸுக்குள் போய்விட்டாள்.

மாலை வீடு திரும்பும்போது, ஷார்ஜா ரோலா நெரிசலில், கோபம் ஆறியபின், அந்தப் பட்டனை அணைத்தாள். இன்ஜின் சத்தம் அடங்கி, கார் பேட்டரியில் ஓடியது. வீடு வந்தபோது பெட்ரோல் முள் அசையவேயில்லை.

மறுநாளும் அசையவில்லை. அதற்கு அடுத்த நாள் அப்பா தானே முன்சீட்டில் உட்கார்ந்து பார்த்தார். "சரி, ஆளை வரவேண்டாங்கறேன்" என்றார்.

அன்று மாலை வருண் சார்ஜர் பக்கத்திலேயே நின்றிருந்தான்.

"பட்டனை அணைச்சுட்டேன். காரை வித்துடலாம்னு சொன்ன அப்பா, இப்ப விக்கலைன்னுட்டார்" என்றாள், தரையைப் பார்த்து.

"பேட்டரியில ஓட்டினாத்தான் காசு மிச்சம், புகை கம்மி. இல்லேன்னா பேட்டரியையும் சேர்த்துச் சுமக்கிற பெட்ரோல் கார்தான் இது."

"இங்க கரண்டையே கேஸ் எரிச்சுத்தானே எடுக்கறாங்க?"

"பாதிக்கு மேல அப்படித்தான். ஆனா இன்ஜின் பெட்ரோலைப் பெரும்பாலும் சூடாவே வீணாக்கிடும். மோட்டார் அப்படி இல்ல." நிறுத்தினான். "தாரிணி... மூணு நாளா என் காரும் ஃபுல்லாத்தான் இருக்கு. இருந்தும் இங்கேயே நிக்கறேன்... உங்களைப் பிடிச்சிருக்குன்னு சொல்றதுக்கு."

அவள் நிமிர்ந்தாள். கண்களில் சிரிப்பு ஒளிர்ந்தது.

"எனக்கும்தான். வெள்ளிக்கிழமை அப்பா சும்மாதான் இருப்பார். வந்து பேசுங்க... உறை போட்ட சோபாலதான் உக்காரணும்."

வீட்டுக்கும் ஆபீஸுக்கும் பேட்டரி. தொலைவில், ஓமனின் மஸ்கட் ரூவியிலிருக்கும் சித்தியைப் பார்க்கப் போகும்போது பெட்ரோல். தினமும் செருக வேண்டும், ஏற்றியதைத் தினமும் செலவழித்துவிட வேண்டும்.