வெள்ளைக்குள் போன விமானம்

மணி நாலு. ஹெல்சின்கியில் ஜனவரிச் சூரியன் அதற்குள் மூட்டையைக் கட்டிவிட்டது. வெளியே உறைந்து கிடந்த கடல் "ஊ...ம்" என்று முனகியது. குளிர் ஏற ஏறப் பனிக்கட்டி அப்படித்தான் முனகும். அது பிஹ்லாவுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் ஜன்னலை விட்டுத் தள்ளி உட்கார்ந்தாள்.

"அக்கா, ஒன்பது மணி நேரம் ஆச்சு. அம்மா எங்க?" என்றான் ஆறு வயதுத் தம்பி ஓட்சோ.

டோக்கியோவில் அம்மா விமானம் ஏறியபோது இங்கே காலை ஏழு மணி. "ஒன்பதே மணி நேரம்டா, பறந்து வந்துடுவா!" என்று பெருமையடித்தவள் பிஹ்லாதான். அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது அம்மா அப்படித்தான் வருவாள்.

போனில் விமான வரைபடத்தைத் திறந்தாள். அம்மாவின் விமானம் ஒரு மஞ்சள் புள்ளி. அதைச் சுற்றி ஊர் இல்லை, பெயர் இல்லை, வெறும் வெள்ளை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே புள்ளி மங்கியது. அப்புறம் காணவே காணோம்.

"வெள்ளை அம்மாவ முழுங்கிடுச்சு!" ஓட்சோவின் உதடு நடுங்கியது.

"உளறாத!" என்றாள். ஆனால் உடனே அம்மாவுக்குப் போன் போட்டாள். அம்மாவின் போன் அணைந்திருந்தது. அப்பா டிராம் ஓட்டப் போயிருந்தார்; ஓட்டும்போது போனைத் தொடமாட்டார். கடல் மறுபடி முனகியது, இந்த முறை ஜன்னலுக்குக் கீழேயே.

ஓட்சோ அவள் ஸ்வெட்டருக்குள் தலையை நுழைத்துக்கொண்டான். "அக்கா, அந்த வெள்ளை எங்க இருக்கு?"

"வட துருவம்டா. உலகத்தோட உச்சி."

"அம்மா ஏன் அங்க போனா?"

பிஹ்லா நிமிர்ந்தாள். ஆமாம், ஏன் போனாள்? நேர் வழியில் வந்தால் துருவத்தில் என்ன வேலை?

"அட, மண்டூகமே!" என்று தன் தலையிலேயே குட்டிக்கொண்டாள். "போர் ஆரம்பிச்சதுலேர்ந்து ரஷ்யாவுக்கு மேல நம்ம விமானம் எதுவும் போறதில்லையே!"

அலமாரியிலிருந்து பூமி உருண்டையை இறக்கினாள். டோக்கியோவிலிருந்து ஹெல்சின்கிக்கு நேராகக் கம்பளி நூலை வைத்து வெட்டினாள். "இது ஒன்பது மணி நேரம். இப்ப ரஷ்யாவச் சுத்தி, உச்சி ஏறி, இந்தப் பக்கம் இறங்கணும். பிடி."

நூல் பற்றவில்லை. கிட்டத்தட்ட இன்னும் பாதி வேண்டியிருந்தது.

"பதிமூணு மணி நேரம்டா! எட்டு மணிக்குத்தான் வருவா. தப்பு என்னோடது. பழைய கணக்கச் சொல்லி உன்னப் பயமுறுத்திட்டேன். உச்சியில சிக்னல் பிடிக்கக் கோபுரம் இல்ல, அதான் புள்ளி மறைஞ்சிருக்கு."

"உச்சியில அம்மா தலைகீழா இருப்பாளா?"

"காபி கொட்டும்னு பயமா?"

ஓட்சோ மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தான். ஆனாலும் இருவரும் போனை விட்டு நகரவில்லை. வெளியே கும்மிருட்டு. வரைபடத்தில் வெள்ளை மட்டும் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தது.

ஐந்தரைக்கு, நார்வேக்கும் வடக்கே, ஒரு மஞ்சள் புள்ளி எட்டிப் பார்த்தது.

"அம்மா!" ஓட்சோ போட்ட கூச்சலில் மேல் வீட்டுக்காரர் தரையைத் தட்டினார்.

எட்டு மணி ஐந்து நிமிடத்துக்குப் போன் அடித்தது. ஓட்சோ பாய்ந்து எடுத்தான்.

"ஏம்மா இவ்ளோ லேட்டு?"

"லேட்டா? சரியான நேரத்துக்குத்தானே கண்ணா இறங்கியிருக்கேன்!"

"அது உனக்கு," என்றான் ஓட்சோ. "எங்களுக்கு நாலு மணி நேரம் லேட்டு. சீக்கிரம் வா."